யவனர் மதுக்கலமும் நம் வெற்றுப் பெருமையும்

வெளியூர்த் தமிழ்ச் சங்கங்களின் ஆண்டு மலர்களைப் புரட்டும் பழக்கமுடையோர்க்கு ஒன்று நன்கு தெரியும். எந்த மலரை எடுத்தாலும், 'யவனரும் தமிழரும்' என்றோ 'கடல் கடந்த வாணிகம்' என்றோ தலைப்பிட்ட கட்டுரை ஒன்று அதில் தவறாது இடம் பெற்றிருக்கும். அக்கட்டுரையில் யவனர் மது கொண்டு வருவர். மிளகு கொண்டு போவர். பாண்டியன் பொற்கிண்ணத்தில் அருந்துவான். கட்டுரையாசிரியர் பெருமிதத்தோடு பேனாவை மூடி வைப்பார். அந்த மது எதில் வார்க்கப்பட்டது, வார்த்த கலம் எந்த ஊரில் எவர் கையால் உருவாயிற்று, அக்கையின் விலை என்ன என்று கேட்பார் ஒருவரும் இலர். மது என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிக்கும் பெரியவர்கள் சிலர் நம் சங்கத்தில் உண்டு. அவர்களுக்கு ஓர் உறுதி அளிக்கிறேன்: இக்கட்டுரை மதுவைப் பற்றியதன்று, மண்ணைப் பற்றியது.

பிறரைக் குறை கூறும் முன் என் குற்றத்தை ஒப்புக்கொள்வது முறை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே மலரில் நானும் அத்தகைய கட்டுரை ஒன்றை எழுதினேன். புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில், ரோமானியர் செய்த நேர்த்தியான கோலத் தட்டுகள் ஏராளமாகக் கிடைத்தன என்றும், அவை தமிழ் மன்னரின் விருந்து மேசைகளை அழகு செய்தன என்றும் எழுதினேன். நண்பர்கள் பாராட்டினர். ஆர்.கே.புரத்துக் குடியிருப்பில் என் பக்கத்து வீட்டுக்காரர், பாவம், அதைத் தம் மகனின் பள்ளிப் பேச்சுப் போட்டிக்கு அப்படியே எழுதிக் கொடுத்தார். பையன் பரிசும் பெற்றான். நான் எழுதியது தவறு. ஒரு சொல்லில் நேர்ந்த தவறன்று; நோக்கிலேயே நேர்ந்த தவறு. விடுப்புப் பயணச் சலுகையில் குடும்பத்தோடு ஊர்ப்பக்கம் சென்றபோது புதுவை அருங்காட்சியகத்தில் அவ்வோடுகளைக் கண்ணாடிக்குப் பின்னே பார்த்தேன். அதன் பிறகே படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க வெட்கம் மிகுந்தது.

இத்தாலியில், தஸ்கனிப் பகுதியில் அரேசோ என்றொரு நகரம் உண்டு. பழங்காலத்தில் அதன் பெயர் அர்ரேத்தியம். கி.மு. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அங்குள்ள குயவர் கறுப்பு மெருகிட்ட கலங்களையே செய்து வந்தனர். பிறகு, ஏறத்தாழ கி.மு. 40க்கும் 30க்கும் இடையில், செம்பவள நிறத்தில் பளபளக்கும் கலங்களைச் செய்யத் தொடங்கினர். உள்நாட்டுப் போர்கள் ஓய்ந்து அகஸ்டஸ் சீசர் ஆட்சிக்கு வந்த காலத்தில் அச்செங்கலம் பேரரசு முழுவதும் பரவிவிட்டது. சிறு உருவங்கள் பதித்த கலம் என்னும் பொருளில் இக்கால அறிஞர் அதனை 'டெரா சிகிலாட்டா' என்பர். ஆங்கிலேயத் தொல்லியலாரோ, சாமோஸ் தீவோடு யாதொரு தொடர்பும் இல்லாதிருந்தும், நெடுங்காலமாகச் 'சேமியன்' என்றே அழைத்து வருகின்றனர். (நம் வீட்டுச் சேமியாவோடு குழப்பிக்கொள்ள வேண்டா.) பிறந்த ஊரைத் தவறாகச் சொல்லும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று என்பதற்காகவே இதைக் குறிப்பிட்டேன்.

இக்கலத்தை எங்ஙனம் செய்தனர் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் வழக்கு முழுவதும் அதில்தான் அடங்கியிருக்கிறது. முதலில், தடித்த சுவருடைய மண்கிண்ணம் ஒன்றைச் சக்கரத்தில் வனைவர். ஈரம் உலருமுன் அதன் உட்சுவரில், தனித்தனியே செதுக்கி வைத்த சிறு முத்திரைகளை அழுத்துவர்: ஒன்றில் நடனமாது, ஒன்றில் திராட்சைக் கொத்து, ஒன்றில் யாழ் மீட்டுவோன். முத்திரைக்கு அடங்காத கொடியையும் தண்டையும் கூரிய கோலால் கைப்படக் கீறுவர். பிறகு அதனைச் சுடுவர். அதுவே அச்சு. அச்சைச் சக்கரத்தின் நடுவே பொருத்தி, உள்ளே பதமான களிமண்ணை அழுத்திச் சக்கரத்தைச் சுழற்றி உட்புறத்தை வழித்து மென்மையாக்குவர். மண் உலரும்போது சுருங்குமன்றோ? சுருங்கியதும் கலம் அச்சை விட்டுத் தானே கழன்று வரும். அதற்கு விளிம்பும் பாதமும் ஒட்டி, நீரில் கரைத்துத் தெளியவைத்த மிக நுண்ணிய செம்மண் குழம்பில் தோய்த்துச் சூளையில் அடுக்குவர். சூளையில் காற்று தடையின்றி உலவ வேண்டும். புகை தீண்டினால் சிவப்பு கெடும். மண்ணிலுள்ள இரும்பு காற்றோடு கூடிச் சிவந்து, மேற்பூச்சு கண்ணாடிபோல் இறுகிவிடும்.

அச்சில் குழியாகப் பதித்ததே கலத்தில் புடைப்பாக எழும். இடமாக வைத்தது வலமாகும். ஆகவே அச்சு செய்தவன் யாவற்றையும் தலைகீழாகவே எண்ணிச் செய்திருக்க வேண்டும். அந்த அச்சிலேயே அவன் பெயரும் உண்டு. சித்திரங்களுக்கிடையே, நீள்சதுரக் கட்டத்துக்குள், பட்டறை உடைமையாளன் பெயரும் பக்கத்தில் அடிமையின் பெயருமாகப் பதிந்து, கலத்தின் வெளிச்சுவரில் காண்போர் படிக்கும்படி எழுந்து நிற்கும். மார்க்கஸ் பெரன்னியஸ் என்பவனின் பட்டறை அர்ரேத்தியத்தில் புகழ் பெற்றது. 1880களில், அரேசோவின் சாந்தா மரியா இன் கிராதி தேவாலயத்தின் அருகே தோண்டியபோது அப்பட்டறையின் அச்சுகளும் உடைந்த கலங்களும் வெளிப்பட்டன. அங்கே வேலை செய்த அடிமைகளின் பெயர்கள் இன்று நமக்குத் தெரியும்: செர்தோ, நிகேபோரஸ், பிலாதஸ். யாவும் கிரேக்கப் பெயர்கள். நிகேபோரஸ் என்றால் வெற்றியைக் கொணர்பவன். செர்தோ என்றால் இலாபம் உடையவன். இலாபம் எவனுக்குச் சென்றது என்பதை விளக்க வேண்டியதில்லை.

நான் நடுவண் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தன். நாள்தோறும் குறிப்பு எழுதுகிறேன், வரைவு தயாரிக்கிறேன், கோப்பின் இடப்பக்க மூலையில் சுருக்கொப்பம் இடுகிறேன். வெளியே செல்லும் கடிதத்தில் இருப்பது மேலதிகாரியின் பெயர். என் எழுத்து கோப்பிற்குள்ளேயே உறங்கும். ஆகவே செர்தோவின் பெயரைக் கண்டதும் எனக்குள் ஏதோ ஒன்று அசைந்தது என்றால் நண்பர்கள் நகைக்க மாட்டார்கள் என நம்புகிறேன். ஆயினும் இதைக் கொண்டு காவியம் பாடவும் நான் விரும்பவில்லை. அம்முத்திரை கலைஞனுக்குச் செய்த சிறப்பு என்று சொல்வோர் தவறு செய்கின்றனர். அதன் பயன் யாதென அறிஞர் இன்னும் வாதிடுகின்றனர். யார் எத்தனை செய்தான் என்று கணக்கெடுக்கவே அது பயன்பட்டிருக்கும் என்பதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. கணக்குக்காக இட்ட பெயர், கணக்குப் பிள்ளை மறைந்து இரண்டாயிரம் ஆண்டு கழிந்த பின்னும் நிற்கிறது. அவ்வளவுதான்.

அவ்வாறு நின்ற பெயர்களில் ஒன்று பர்காதேஸ். பெரன்னியஸ் பட்டறையில் முதலில் அடிமையாகப் பெயர் பதித்தவன் அவன். பின்னாள் முத்திரைகளில் அவனே மார்க்கஸ் பெரன்னியஸ் பர்காதேஸ் எனத் தோன்றுகிறான். விடுதலை பெற்றவன் பழைய எசமானின் பெயரையே தன் பெயராகச் சூடுவது ரோமானியர் வழக்கம். பட்டறையும் அவன் கைக்கு வந்துவிட்டது. இது ஓர் ஆறுதலான கதை. எல்லோர் கதையும் இப்படியன்று. பல பெயர்கள் ஓரிரு முத்திரையோடு மறைந்துவிடுகின்றன.

அவர்கள் பதித்த சித்திரங்கள் யாவை? கூடைபோன்ற முடி தரித்து நுனிக்காலில் ஆடும் மகளிர். நான்கு பருவங்களின் உருவங்கள். திராட்சையை மிதித்துப் பிழியும் ஆட்டுக்கால் வனத்தேவர்கள். சாய்ந்து படுத்து விருந்துண்ணும் இணைகள். சில கலங்களில் பிள்ளைகள் முன் விவரிக்கத் தகாத காட்சிகளும் உண்டு. பெரன்னியஸ் பட்டறை அச்சு ஒன்றில், வீரன் ஹெர்குலிஸ் பெண்ணுடை அணிந்து தேரில் செல்ல, அரசி ஓம்பலே அவனுடைய தண்டாயுதத்தையும் சிங்கத்தோலையும் ஏந்தி வருகிறாள். கிளியோபாத்ராவின் காலடியில் கிடந்த ஆண்டனியைக் கேலி செய்த சித்திரமே அது என்று கருதும் அறிஞர் உண்டு. அரசியல் வசை, விருந்தினர் கையில் சுழலும் கிண்ணத்தின் புறத்தே ஊர்வலம் போயிற்று என்க. அதைச் செதுக்கியவன், தேர்தலிலோ போரிலோ யாதொரு குரலும் இல்லாத அடிமை.

இவ்வளவு இருந்தும் மட்கலத்தை இகழ்வோர் உளர். சில ஆண்டுகளுக்கு முன் இந்நகரில் நடந்த இலக்கியக் கூட்டம் ஒன்றில், வரலாறு கற்ற ஒருவர், "வெள்ளிக் கிண்ணம் வாங்க வகையில்லாதவன் வாங்கிய மண் போலி" என்று ஒரே வரியில் தீர்ப்பு வழங்கினார். அவையும் சிரித்தது. இக்கருத்து அவர் கண்டுபிடித்ததன்று. கிரேக்க மட்கலங்கள் பொன், வெள்ளிக் கலங்களின் நிழலே என்று வாதிட்டு விக்கர்ஸ், கில் என்னும் இரு ஆங்கில அறிஞர் 1994இல் ஒரு நூலே எழுதினர். ரோமானியச் செங்கலத்திலும் வெள்ளிக் கலத்தின் சாயல் உண்டு என்பதை மறுக்க இயலாது. விளிம்பின் வளைவும் பாதத்தின் அமைப்பும் அதைக் காட்டுகின்றன. ஆனால் சாயல் உண்டு என்பதிலிருந்து கலை இல்லை என்பது எப்படிப் பெறப்படும்? கல்லில் கட்டிய கோயிலின் கொடுங்கையில் மரவேலையின் சாயல் உண்டு. அதனால் மாமல்லபுரத்துத் தேர்கள் தச்சனின் போலியாகிவிடுமா?

மேலும், வெள்ளிக்கு என்ன நேர்ந்தது என்று எண்ணிப் பாருங்கள். வெள்ளி விலையுடையது, விலையுடையதாகையால் உருக்கப்பட்டது. வாரிசுக்கு மூவர் இருந்தால் கிண்ணம் மூன்று துண்டாகும். படையெடுப்பு வந்தால் கட்டியாகும். இன்று நாம் காணும் ரோமானிய வெள்ளிப் பாண்டங்கள் பெரும்பாலும், யாரோ ஒருவர் அச்சத்தில் புதைத்துவிட்டு மீண்டு வராததால் எஞ்சியவை. ஜெர்மனியின் ஹில்டஷைமில் 1868இலும், வெசுவியஸ் எரிமலையின் அடிவாரத்துப் போஸ்கோரியேலில் 1895இலும் கிடைத்த புதையல்கள் அத்தகையவை. மண்ணையோ உருக்க இயலாது. உடைந்தாலும் ஓடு ஓடுதான். விலையின்மையே அதற்குக் காப்பாயிற்று.

விலையின்மை என்றேன், அதையும் திருத்திக்கொள்கிறேன். பிரிட்டனில் ரோமானியர் காலக் குடியிருப்புகளைத் தோண்டும்போது, உடைந்த செங்கலங்களை ஓட்டையிட்டு ஈயத்தால் தைத்துச் சேர்த்து மீண்டும் பயன்படுத்திய சான்றுகள் கிடைக்கின்றன. அடிப்புறத்தில் உடையவர் தம் பெயரைக் கீறி வைத்தனர். எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டும் நம் தாய்மாருக்கு இதை விளக்க வேண்டுமா? போலியென்று இகழ்ந்ததை எவரும் ஈயம் வார்த்துத் தைப்பதில்லை. மார்ஷியல் என்னும் லத்தீன் கவிஞர் விருந்தினருக்கு அளிக்கும் பரிசுப் பொருள்களைப் பாடும்போது அர்ரேத்தியக் கலத்தையும் சேர்த்து, அதை இழிவாக எண்ண வேண்டா என்று பரிந்து பேசுகிறார். பரிந்து பேச வேண்டியிருந்தது என்பதிலிருந்தே இகழ்வோர் அன்றும் இருந்தனர் என்று தெரிகிறது. இயற்கை வரலாறு எழுதிய பிளினியும் அர்ரேத்தியத்தின் புகழைக் குறிப்பிடுகிறார். அதே பிளினிதான், நீரோ மன்னன் முர்ரா என்னும் அரிய கல்லாலான ஒரே கிண்ணத்துக்குப் பத்து இலட்சம் செஸ்டர்ஸ் கொடுத்தான் என்றும் எழுதி வைத்தார். அக்கிண்ணம் இன்று எங்கே?

பிற்காலத்தார் அந்த இகழ்ச்சியைப் பின்பற்றவில்லை. 1282இல் அரேசோவைச் சேர்ந்த ரிஸ்தோரோ என்னும் அறிஞர், தாம் எழுதிய உலக அமைப்பு நூலில் தம் ஊர் மண்ணுக்கடியில் கிடைத்த இப்பழங்கலங்களுக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கினார். ஓவியரும் சிற்பிகளும் அவற்றைக் கண்டு தம்மை மறந்து வியந்ததை அதில் வருணிக்கிறார். ஓவியர் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரியின் பாட்டனார் அவ்வூர்க் குயவர். பழைய சூளைகளைத் தேடிக் கண்டு, அங்குக் கிடைத்த கலங்களைப் பிளாரன்ஸ் நகரத்து லோரன்சோ மெதிச்சிக்குக் காணிக்கையாக்கினார் என்று பேரரே எழுதியிருக்கிறார்.

இனி விருந்து மேசைக்கு வருவோம். ரோமானியர் மதுவைத் தனியே அருந்துவதை அநாகரிகம் என்று கருதினர். நீர் கலப்பர், பலகாலும் வெந்நீரே கலப்பர். சாடியிலிருந்து வரும் மதுவில் மண்டி இருக்கும். அதைச் சல்லடையால் வடிப்பர். நம் ஊரில் கள்ளைப் பன்னாடையில் வடித்ததை நினைவிற் கொள்க. கலவையைக் கால் உயர்ந்த பெருங்கிண்ணத்தில் நிரப்பி, நீண்ட காம்புடைய முகவையால் மொண்டு சிறு கிண்ணங்களில் வார்ப்பர். அம்முகவையின் பெயர் கையாதஸ். ஒரு முகவை இக்கால அளவில் ஏறத்தாழ 45 மில்லி லிட்டர். வடித்தவனும் கலந்தவனும் மொண்டவனும் வார்த்தவனும் அடிமைகள். கலம் செய்தவனும் அடிமை. கலத்தை ஏந்தி நின்றவனும் அடிமை. சாய்ந்து கிடந்தவன் மட்டுமே உரிமையுடையவன். அங்கும் எல்லோரும் ஒரே வரிசையில் இல்லை. ஜுவனல் என்னும் வசைக்கவி தம் ஐந்தாம் வசைப்பாடலில், ஒரே பந்தியில் விருந்தளிப்பவன் மணி பதித்த கிண்ணத்தில் நல்ல மதுவும், அண்டி வாழும் எளியவன் விரிந்த கிண்ணத்தில் கெட்ட மதுவும் அருந்துவதைச் சுடச்சுடச் சாடுகிறார். பந்தி வஞ்சனை என்று நம் ஊரில் ஒரு சொல் உண்டே, அது இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உடையது போலும்!

ரோமானிய நாகரிகத்தை வாய் வலிக்கப் புகழ்ந்து, அவர்களே நம்மிடம் வந்தனர் பாரீர் என்று முழங்கும் கட்டுரையாளர்கள் இந்தப் பக்கத்தை மட்டும் எவ்வாறு புரட்டாமல் விட்டார்கள்?

அர்ரேத்தியத்தின் புகழ் நெடுநாள் நிலைக்கவில்லை. நேயஸ் அத்தேயஸ் என்னும் பட்டறை முதலாளி அரேசோவில் மட்டுமன்றிப் பீசாவிலும், இன்றைய பிரான்சிலுள்ள லியோனிலும் கிளைகள் வைத்தான். கிளை தொடங்கினால் தொழில் பரவும். முதல் நூற்றாண்டில் தென் பிரான்சின் மில்லோ நகருக்கு அருகே லா கிரோஃபசென்க் என்னும் இடத்தில் காலிய இனக் குயவர் அதே செங்கலத்தைப் பெருந்தொகையில் செய்யத் தலைப்பட்டனர். அங்கே கிடைத்த பொருள்களில் என் உள்ளம் கவர்ந்தவை கலங்கள் அல்ல, கணக்குகள்! பல குயவர் ஒரே பெருஞ்சூளையில் தம் கலங்களைக் கூட்டாக அடுக்குவர். யாருடையது எத்தனை என்று பின்னர்ச் சச்சரவு எழக் கூடாதன்றோ? ஆகவே ஓர் எழுத்தன், தட்டொன்றின் மேல் கூர்முனையால் குயவன் பெயர், கலத்தின் வகை, அளவு, எண்ணிக்கை ஆகியவற்றை வரிசை வரிசையாகக் கீறி, அத்தட்டையும் சூளையில் சுட்டான். பாதி லத்தீன், பாதி காலிய மொழி. ஒரே சூளையில் முப்பதாயிரம் கலங்கள் வரை ஏறியதை அக்கூட்டல்கள் காட்டுகின்றன. ஓர் ஓட்டில் அடிமைகளின் வேலை நாள் கணக்கும் உண்டு. காலிய மொழி எழுத்தில் எஞ்சியது மிகக் குறைவு. எஞ்சியவற்றுள் இச்சூளைக் கணக்கும் ஒன்று. புலவர் பாட்டு போயிற்று; குமாஸ்தா கணக்கு நின்றது! என் தொழிலின் மேல் எனக்கு இவ்வளவு மதிப்பு வந்தது அன்றுதான்.

கி.பி. 79இல் வெசுவியஸ் வெடித்துப் பொம்பேயைப் புதைத்தபோது, ஒரு வீட்டில் இன்னும் பிரித்து அடுக்கப்படாத சரக்கு ஒன்று இருந்தது. 1881இல் அது வெளிப்பட்டது. அதில் இருந்தவை தென் காலியாவில் செய்த 90 கோலக் கிண்ணங்களும், அவற்றோடு விளக்குகளும். கலை இத்தாலியில் பிறந்தது; கற்றுக்கொண்டவன் அதையே இத்தாலிக்கு விற்றான். எது அசல், எது போலி என்னும் தராசு இங்கே என்ன செய்யும்?

பின்னர் ரைன் நதிப் பக்கம் வேறொரு மதுக்கலம் தோன்றியது. மூன்றாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து நான்காம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ட்ரியர் நகரத்தில் செய்த இவை கறுப்பு மெருகுடையவை. தெய்வங்களும் இல்லை, நடனமாதரும் இல்லை. வெண்களிக் குழம்பைப் பிதுக்கி எழுதிய எழுத்துகளே அலங்காரம். முறுக்கு பிழிவது போன்ற வேலைதான். 'நிரப்பு', 'கல', 'குடி', 'வாழ்க', 'என்னை நேசி' என்று ஒற்றை ஒற்றைச் சொற்கள். ஒன்றில் 'தண்ணீரை மிச்சப்படுத்து' என்றிருக்கிறது. சிக்கனத்துக்காகச் சொன்னதன்று, மதுவில் நீரைக் குறைத்து வார் என்பதே கருத்து. பாரிசு நகரில் அகப்பட்ட வளைய வடிவக் குப்பி ஒன்றில், ஒரு புறம் விடுதிக்காரியிடம் பீர் நிரப்பச் சொல்லும் வாசகமும், மறுபுறம் விடுதிக்காரனிடம் மசாலா மது உண்டா என்று கேட்கும் வாசகமும் உள்ளன. எழுத்துப் பிழைகளும் தாராளம். செனட்டர்களின் லத்தீன் அன்று, கடைத்தெரு லத்தீன். இப்பிழைகளை நான் எந்தச் சலவைக்கல் கல்வெட்டுக்கும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

இப்போது அரிக்கமேடு. அங்கே 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்தார்; பின் கசால் என்னும் பிரெஞ்சு அறிஞரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி அம்மையாரும் செய்தனர். அர்ரேத்தியச் செங்கலம் அங்கு உண்மையிலேயே கிடைத்தது. வீலர் காலம் கணிக்க அவ்வோடுகளே சாவியாயின. விபியே, கமுரி, இட்டா என்னும் முத்திரைகள் அவற்றில் இருந்தன. ஆனால் எவ்வளவு கிடைத்தது? ஒரு கூடைக்குள் அடங்கும். அவையும் பெரும்பாலும் நடனமாதரும் வனத்தேவரும் ஆடும் பெருங்கிண்ணங்கள் அல்ல. எளிய தட்டுகளும் கிண்ணங்களும். யாவும் அரேசோவிலேயே உருவானவை என்றும் இன்று அறிஞர் கூறுவதில்லை. மிகுதியாகக் கிடைத்தவை இரு கைப்பிடிச் சாடிகளின் துண்டுகள். அவற்றில் பெரும்பாலானவை மதுச் சாடிகள், குறிப்பாகக் கிரேக்கத் தீவாகிய கோஸ் வகையின. எண்ணெயும் மீன் ஊறலும் வந்த சாடிகளும் உண்டு. கேரளத்துப் பட்டணத்தில் 2007 முதல் நடந்த அகழாய்வுகளிலும் இத்தகைய சாடித் துண்டுகள் ஏராளம். செங்கலம் இவ்வளவு சிறிதாகக் கிடைப்பதைப் பார்த்தால், வந்து தங்கிய அயல் வணிகர் தம் சாப்பாட்டுக்குத் தாமே கொண்டு வந்த தட்டுகளே அவை என்று கொள்வதே பொருந்தும். வெளியூருக்கு மாற்றலாகும்போது நாம் காப்பி வடிகட்டியைக் கையோடு எடுத்துச் செல்வதில்லையா?

புறநானூற்றின் 56ஆம் பாடலில் நக்கீரர், பாண்டியன் நன்மாறன் யவனர் கொணர்ந்த மதுவைப் பொற்கலத்தில் அருந்துவதாகப் பாடுகிறார். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பாண்டியன் இருந்தது மதுரையில். அரிக்கமேடு இருப்பதோ கீழைக் கடற்கரையில், வடக்கே தொலைவில். பாட்டில் இருப்பது பொன். மண்ணுக்கடியில் இருப்பது மண். இரண்டையும் ஒரே நூலில் கோத்து மாலையாக்கும் உரிமையை நமக்கு எவர் கொடுத்தார்?

என் பெரும்பிழை இதனினும் கொடிது. அரிக்கமேட்டில் நூற்றுக்கணக்கில் கிடைத்தவை வேறொரு வகைத் தட்டுகள். மெல்லிய சுவர், நுண்ணிய சாம்பல் மண், வழுவழுப்பான மேற்பூச்சு, உள்ளடியில் வட்டம் வட்டமாக ஓடும் புள்ளி வரிகள். ஆங்கிலத்தில் 'ரௌலட்டட் வேர்' என்பர். இவ்வளவு நேர்த்தியானது இங்கே செய்ததாக இருக்க முடியாது என்று வீலர் கருதினார். கோல முறை மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வந்தது என்று முடிவு கட்டினார். எழுத்தாளர் பலர் ஒரு படி மேலே சென்று தட்டையே ரோமானியத் தட்டாக்கினர். நானும் அவர்களுள் ஒருவன். விமலா பெக்லி 1980களில் இக்கருத்தை அடியோடு மறுத்தார்: மண் இந்திய மண், வனைந்தது இந்தியக் கை, தொடங்கியது ரோமானியர் வருமுன்பே. அயலான் செய்திருந்தால் அழகு; நம்மவன் செய்திருந்தால் நம்ப முடியவில்லை! பெருமை பேசுவதாக எண்ணிக்கொண்டு நான் செய்தது இந்தியக் குயவனின் கையைப் பறித்து ரோமானியனுக்குக் கொடுத்ததே. செர்தோவின் கூலியைப் பெரன்னியஸ் பறித்தான், பெயரையாவது விட்டுவைத்தான். நான் அதையும் விடவில்லை.

உடனே சிலர், "அப்படியானால் அது தமிழன் செய்தது!" என்று துள்ளி எழுவர். பொறுங்கள். 1997இல் கோக்தே என்பவரும், 2005இல் வேறு சில ஆய்வாளரும் அம்மண்ணின் கூறுகளைச் சோதித்தனர். பல ஊர்களில் கிடைத்த தட்டுகள் ஒரே மண்ணால் ஆனவை என்றும், அம்மண் கங்கையின் கீழ்ப்பகுதியை, வங்காளத்துச் சந்திரகேதுகர் பக்கத்தைச் சேர்ந்ததாகலாம் என்றும் அவர்கள் கருதுகின்றனர். நம் பக்கத்து வீட்டு வங்காளியின் முப்பாட்டன் செய்த தட்டு, கடல் வழியே தமிழகத்துக்கு வந்திருக்கிறது. அதில் நமக்கு என்ன குறை?

ஆகவே ஆசிரியர் குழுவுக்கு ஒரு விண்ணப்பம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த மலரில் என் கட்டுரையில் 'ரோமானியர் செய்த' என்னும் தொடர் மூன்று இடங்களில் வருகிறது. பழைய பிரதி வைத்திருக்கும் அன்பர்கள் அம்மூன்று இடங்களிலும் அத்தொடரை அடித்துவிட்டு, 'இந்தியக் குயவர் செய்த' என்று மையால் எழுதிக்கொள்ள வேண்டுகிறேன். பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கிய பையன் இப்போது பொறியாளராகப் புனேயில் இருக்கிறான். அவனுக்குத் தனியே கடிதம் எழுதிவிட்டேன்.